பச்சை இறங்கும் காப்பு

ஜூன் 3, திங்கள்

சாரல் விழத் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் குளித்துவிட்டு, தலை காயாமல் தென்காசிக் கடைத்தெருவுக்கு வருகிற கூட்டம்தான் எனக்கு வருஷத்தில் பாதி வியாபாரம். இன்று காலை எட்டு மணிக்கே கடை திறந்துவிட்டேன்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஐந்தருவி போகிற வழியில் ஒரு துண்டை விரித்து, அதில் முப்பது செப்புக் காப்பை அடுக்கி வைத்து உட்கார்ந்தவன் நான். இன்று ரத வீதியில் நயினார் செம்பு மாளிகை. குடம், சொம்பு, தண்ணீர் பாட்டில் எல்லாம் விற்கிறேன். ஆனாலும் கடையைத் தூக்கி நிறுத்தியது காப்புதான். அதற்கு இரண்டு காரணம்.

ஒன்று, காப்பை நானே வளைத்து மாட்டிவிடுவேன். ஆளின் மணிக்கட்டில் வைத்து, கட்டைவிரலால் ஒரே அழுத்து. அளந்து செய்தது போல உட்கார்ந்துவிடும். கையைப் பிடித்து மாட்டிவிட்ட காப்பை எவரும் கழற்றி வைத்துவிட்டுப் போனதில்லை.

இரண்டாவது, பச்சை. வேர்வை பட்டால் செம்பு பச்சை விடும். மணிக்கட்டைச் சுற்றி வளையமாகப் பிடிக்கும். துண்டுக்கடைக் காலத்தில் அதைக் காட்டி மூன்று பேர் சண்டைக்கு வந்தார்கள். நாலாவது ஆள் வந்தபோது என் வாயில் தானாக வந்தது: "பச்சை இறங்குதுன்னா உள்ள இருக்க கெட்ட உப்பு வெளிய வருதுன்னு அர்த்தம் சார். பச்சை இறங்க இறங்க வலி இறங்கும்." சண்டைக்கு வந்தவர் தன் அம்மாவுக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு போனார். இன்று இந்தத் தெருவில் காப்பு விற்கிற எல்லாக் கடைக்காரனும் அதையே சொல்கிறான். முதலில் சொன்னவன் நான்.

இன்று ஈரோட்டுக்காரர் ஒருவருக்கு மாட்டும்போது கட்டைவிரல் மடங்கவில்லை. இரண்டு தடவை அழுத்தினேன். "கெட்டியா இருக்கு சார், நல்ல சரக்கு" என்றேன். அவரே அழுத்திக்கொண்டார். சரக்கு கெட்டி என்பதில் அவருக்குச் சந்தோஷம்.

சாரல் குளிருக்கு விரல் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஜூன் 5, புதன்

தச்சரிடம் சொல்லி, மணிக்கட்டுக் கனத்தில் ஒரு உருளைக் கட்டையும் மரச்சுத்தியலும் செய்து வாங்கினேன். காப்பை அதில் வைத்துத் தட்டிக் கொடுக்கிறேன். ஏன் கையால் வளைக்கவில்லை என்று கேட்கிறவர்களிடம், "இதுதான் துல்லியம்" என்கிறேன். நம்புகிறார்கள்.

காலையில் சட்டைப் பொத்தானை என் வீட்டுக்காரி உலகம்மாள் போட்டுவிட்டாள். புதுச்சட்டையில் பொத்தான் துளை ரொம்பச் சின்னது. தையல்காரனை மாற்ற வேண்டும்.

ஜூன் 10, திங்கள்

வேலையாகப் பாளையங்கோட்டை போனேன். திரும்ப சாயந்தரம் ஆகிவிட்டது.

ஜூன் 11, செவ்வாய்

நேற்று எழுதியது அரை உண்மை. கடையில் அரை உண்மை போதும். இந்த நோட்டில் அதை எழுதி யாருக்கு விற்கப்போகிறேன்?

மூட்டு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் போனேன். விரல் கணு ஒவ்வொன்றும் காலையில் நெல்லிக்காய் போல வீங்கியிருக்கிறது. தென்காசியிலேயே காட்டியிருக்கலாம். காட்டினால் சாயந்தரத்துக்குள் ரத வீதிக்குத் தெரிந்துவிடும். காப்புக் கடை நயினார் கை வலிக்கு டாக்டரைப் பார்த்தான் என்று தெரிந்தால் நான் கடையைப் பூட்டிவிட்டு மறுபடியும் துண்டை விரிக்கப் போக வேண்டியதுதான்.

அங்கே காத்திருக்கிற இடத்தில் முப்பது பேர். சும்மா உட்கார எனக்கு வராது. மணிக்கட்டுகளை எண்ணினேன். செப்புக் காப்பு பதினொன்று. அதில் நாலு நம் சரக்கு. முனையில் நான் குத்துகிற மூன்று புள்ளி தெரிந்தது. பெருமையாக இருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு கிளை போடலாமே என்றுகூட நினைத்தேன். அப்புறம், இந்தப் பதினொரு பேரும் இங்கே எதற்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு கேள்வி வந்தது. அதை ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. டோக்கன் கூப்பிட்டுவிட்டார்கள்.

என் காப்பை முன்கூட்டியே கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தேன். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"காப்பை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"எந்தக் காப்பும்மா?"

"மணிக்கட்டுல பச்சையா வட்டம் போட்டிருக்கே, அந்தக் காப்பு."

கெட்ட உப்பு வெளியே வருகிறது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"போட்டுக்கோங்க, நான் வேண்டாங்கல. கைக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா இது முடக்குவாதம். இந்த வீக்கத்தை அது ஒண்ணும் பண்ணாது. மாத்திரைதான் பண்ணும். விட்டீங்கன்னா விரல் கோணிக்கும், அப்புறம் நான் நினைச்சாலும் நேராக்க முடியாது. வாரத்துல ஒரே ஒரு நாள்தான் போடணும். மறந்துபோய் தினமும் போட்டுட்டா ஆபத்து. எந்தக் கிழமை வச்சுக்கிறீங்க?"

"செவ்வாய்" என்றேன். கூட்டம் குறைவான நாள்.

"என்ன தொழில் பண்றீங்க?"

"பாத்திரக் கடை."

அதுவும் அரை உண்மைதான்.

மாத்திரையைக் கடையில், குழந்தைகள் அளவுக் காப்பு இருக்கிற டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். அதை யாரும் கேட்பதில்லை. இன்று முதல் தவணை போட்டாயிற்று.

ஜூன் 18, செவ்வாய்

செவ்வாய் வேலை முடிந்தது.

செவ்வாய்க்கிழமை வெறும் வயிற்றோடு கடைக்குப் போகக் கூடாதாம். உலகம்மாள் நாலு இட்லி வைத்து, தின்று முடிக்கிற வரைக்கும் எதிரில் நின்றாள். இது எந்த ஊர் சாஸ்திரம் என்று கேட்டேன். "நம்ம வீட்டுச் சாஸ்திரம்" என்றாள்.

ஜூன் 27, வியாழன்

சீசன் நன்றாகப் போகிறது. இன்று மதியம் எதிர்க்கடை மைதீன் பிச்சை வந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தான். எதிரே இருக்கிற பரோட்டாக் கடைக்கு அவன்தான் மாஸ்டர். கடை முதலாளி யார் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. மைதீன் கடை என்றுதான் சொல்வார்கள். மாவை எடுத்து இரண்டு வீச்சு வீசினால் அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரிகிற மாதிரி விரியும். அதைப் பார்க்கவே சீசன்காரர்கள் செல்போனோடு நிற்பார்கள்.

அவனுக்கும் என் நோய்தான். அவன் மறைத்ததில்லை. போன வருஷம் கை வீங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, மாத்திரை சாப்பிட்டுச் சரியாகி வருகிறான். பொங்கலுக்கு என்னிடம் ஒரு காப்பும் வாங்கிப் போட்டான்.

"பச்சை இறங்குதா வே?" என்றேன். பழக்கத்தில் கேட்டதுதான்.

கையை நீட்டினான். அடுப்படி வேர்வையில் நிற்கிறவன். பாசி பிடித்த மாதிரி இருந்தது.

"இறங்கோ இறங்குன்னு இறங்குது அண்ணாச்சி. இந்த மாத்திரைதான் பாடாப் படுத்துது. போட்ட மறுநாள் பூரா குமட்டுது. எண்ணெய் வாசம் ஆகல. பரோட்டா மாஸ்டருக்கு எண்ணெய் ஆகலன்னா எங்க போக?"

எனக்கும் புதன்கிழமை அப்படித்தான் இருக்கிறது. சொல்லவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

இன்று கட்டையை எடுத்து மேஜைக்கு அடியில் போட்டுவிட்டேன்.

சிவகாசியிலிருந்து வந்த ஒருவருக்குக் கையாலேயே வளைத்தேன். கட்டைவிரல் உள்ளே போனது, ஒரே அழுத்து, உட்கார்ந்துவிட்டது. ஒன்றரை மாதம் கழித்து. அடுத்தடுத்து ஒன்பது பேருக்கு மாட்டினேன். கடைசி இரண்டு பேர் சொம்பு வாங்க வந்தவர்கள்.

டீ வாங்கிக்கொண்டு வந்த மைதீன் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, உங்க விரல்ல வீக்கம் இருந்துச்சுல்லா? நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன். எங்க போச்சு?"

"போயிட்டு வே."

"நிசமாச் சொல்லுங்க. மாத்திரை எதுவும் சாப்பிடுதீங்களா?"

கடையில் ஆறேழு பேர் நின்றார்கள். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். சட்டைக் கையைச் சுருட்டி மணிக்கட்டைக் காட்டி, "பச்சை இறங்குது" என்றேன். கூட்டமே சிரித்தது. பன்னிரண்டு காப்பு அந்த நேரத்திலேயே போனது.

பொய் சொல்லவில்லை. பச்சை இறங்குகிறது என்றேன். இறங்கத்தான் செய்கிறது.

ஜூலை 30, செவ்வாய்

செவ்வாய் வேலை முடிந்தது. நல்ல மழை. குடம் இரண்டு, காப்பு நாற்பது.

சட்டைப் பொத்தான் இப்போது நானே போட்டுக்கொள்கிறேன். துளை பெரிதாகிவிட்டது போல.

ஆகஸ்ட் 7, புதன்

நாலு நாளாக எதிர்க்கடையில் கல்லுக்கு முன்னால் வேறு ஆள் நிற்கிறான். பரோட்டா தடிமனாக, சப்பாத்திக்குத் தம்பி போல இருக்கிறது. மைதீனைக் கல்லாவில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

இன்று அவனே வந்தான். இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தான். விரல்கள் மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. வலது கையில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"கெட்டிக் காப்பா ரெண்டு குடுங்க அண்ணாச்சி. இந்தக் காப்பு தேஞ்சிட்டு. பச்சை முன்ன மாதிரி இறங்கல."

"மாத்திரை?"

"அதைத்தான் விட்டுட்டேன்லா. உங்களைப் பாத்த அன்னைக்கே விட்டுட்டேன். மாத்திரை இல்லாமலே அண்ணாச்சிக்குக் கேக்குது, நமக்கென்னன்னு."

"உமக்கு எப்பவாச்சும் நான் மாத்திரைய விடச் சொன்னேனா வே?"

"நீங்க எங்க சொன்னீங்க? நானாத்தான் விட்டேன்."

அந்த நேரத்தில் ஒரு வேன் கூட்டம் உள்ளே வந்தது. கெட்டிக் காப்பு இரண்டை எடுத்தேன். கையைப் பிடித்து மாட்டிவிட்டேன். பிடித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டான். காசு வேண்டாம் என்றேன். "ஓசியில வாங்குனா கேக்காது" என்று வைத்துவிட்டுப் போனான்.

நான் விடச் சொல்லவில்லை. அவனே ஒப்புக்கொண்டான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கடைக்குப் போனேன். வந்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மூன்று நாளாகக் கணக்குப் போடுகிறேன். சொன்னால் என்ன ஆகும்? சீசன் முடிய இன்னும் மூன்று வாரம். தெருவுக்குத் தெரிந்துவிடும். பக்கத்துக் கடைக்காரன் போர்டே எழுதி வைப்பான். சொல்லாமல் இருந்தால்? டாக்டரம்மா சொன்னது காதில் இருக்கிறது: விரல் கோணினால் அப்புறம் நேராக்க முடியாது. சீசன் முடிந்த பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டு, பக்குவமாகச் சொல்லலாம் என்று முடிவு பண்ணினேன். மூன்று வாரத்தில் என்ன ஆகிவிடும்?

மதியம் சாப்பிடும்போது உலகம்மாள், "மைதீன் வீட்டுக்காரி வந்துட்டுப் போனா" என்றாள்.

"என்னவாம்?"

"ஒண்ணும் இல்ல. வெத்தலை கேட்டு வந்தா. அவனுக்குச் சட்டைப் பொத்தான் இப்ப அவதான் போட்டுவிடுதாளாம்."

சோற்றைப் பிசைந்தேன்.

"ஜூன் மாசம் உங்களுக்கு நான் போட்டேன்லா, அது மாதிரி" என்றாள். "உங்களுக்குச் செவ்வாய்க்கிழமை இருந்துச்சு. அவனுக்கு எந்தக் கிழமை இருக்கு?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பாளையங்கோட்டைக்குச் சரக்கு எடுக்கப் போற மனுசன் வெறுங்கையோட வந்தா தெரியாதா? சட்டையைத் துவைக்கப் போட்டா பைக்குள்ள காப்பும் மருந்துச் சீட்டும் சேந்து கிடக்கு." ரசத்தை ஊற்றினாள். "என்கிட்ட மறைச்சீங்க, சரி. நான் பரோட்டா வீசிப் பிழைக்கிறவ இல்ல."

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பதினொரு மணிக்கு, கல்லாவில் இருந்த மைதீனைக் கை தட்டிக் கூப்பிட்டேன். கடையில் மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் சொம்பு பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அன்று பச்சையைக் காட்டிச் சிரித்த சிரிப்பை நான் தனியாகச் சிரிக்கவில்லை. ஊர் பார்க்க விற்ற சரக்கை ஊர் பார்க்கத்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

குழந்தைகள் அளவு டப்பாவைத் திறந்து, மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து அவன் முன்னால் நீட்டினேன்.

"என்ன அண்ணாச்சி?"

"நல்லாப் பாரும்."

குனிந்து பார்த்தான். ஒரு வருஷம் தின்ற மாத்திரை அவனுக்குத் தெரியாதா?

"இது என் மாத்திரைல்லா. உங்க கடைக்கு எப்படி வந்துச்சு?"

"உம்மது இல்ல. என்னுது. ஜூன் பதினொண்ணுல இருந்து செவ்வாய்க்குச் செவ்வாய்." வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன்.

தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப காப்பு?"

"காப்பு காப்புதான். செம்பு வளையம்."

"அப்ப பச்சை?"

"வேர்வை வே. புளி போட்டுத் தேச்சா போயிரும். உப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் கட்டின கதை."

"நான் கேட்டேன்லா" என்றான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மாத்திரை எதுவும் சாப்பிடுதீங்களான்னு வாயை விட்டுக் கேட்டேன்லா."

"கேட்டீரு."

"சிரிச்சீங்க."

"சிரிச்சேன்."

வலது கைக் காப்பைக் கழற்றப் பார்த்தான். கெட்டிக் காப்பு, நானே அழுத்தி மாட்டியது. இடது கை விரல்கள் அதைப் பிடிக்கவே இல்லை. வழுக்கி வழுக்கி விட்டன. பல்லால் இழுத்தான். முடியவில்லை. இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினான்.

"கழத்தும்" என்றான்.

இருபது வருஷப் பழக்கத்தில் என்னை நீங்க என்றுதான் சொல்லியிருக்கிறான்.

கட்டைவிரலை உள்ளே கொடுத்து வெளிப்பக்கம் அழுத்தினேன். ஒன்று. இன்னொன்று. என் விரலுக்கு ஒரு வலியும் இல்லை. அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மதுரைக்காரர் கையில் எடுத்துப் பார்த்த காப்பைச் சத்தமில்லாமல் திரும்ப வைத்தார். அவர் மனைவி, "இந்தச் சொம்பு என்ன விலைங்க?" என்று கேட்டார்.

"நாளைக்குக் காலைல ஆறு மணி பஸ்ஸுக்கு நில்லும்" என்றேன் மைதீனிடம். "பாளையங்கோட்டை போறோம்."

"உம்ம கூடவா?"

"என் கூடத்தான். வழி பூரா திட்டிக்கிட்டே வாரும்."

ஆகஸ்ட் 14, புதன்

ஆலங்குளம் வரைக்கும் திட்டினான். அப்புறம் தூங்கிவிட்டான்.

டாக்டரம்மா அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். மாத்திரையை மறுபடி தொடங்கினால் வீக்கம் வற்றிவிடும், ஆனால் வலது கையில் சாய்ந்த இரண்டு விரலும் பழையபடி நேராகுமா என்பது சந்தேகம் என்றார். குமட்டலுக்கு வேறு ஒரு மாத்திரை இருக்கிறதாம். கேட்டிருந்தால் போன வருஷமே கொடுத்திருப்பார்களாம். அவனும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

"நீங்க அந்தப் பாத்திரக் கடைக்காரர்தானே?" என்றார் என்னைப் பார்த்து.

"காப்புக் கடைம்மா" என்றேன்.

வெளியே வரும்போது காத்திருந்தவர்களின் மணிக்கட்டுகளை எண்ணவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

சீசன் முடிந்தது. காப்பு வியாபாரம் கால்வாசி குறைந்தது. சொம்பும் பாட்டிலும் தாங்கிவிட்டன. பக்கத்துக் கடைக்காரன் நினைத்தபடியே போர்டு வைத்தான்: "எங்கள் காப்பில் பச்சை இறங்கும்." வைத்துக்கொள்ளட்டும். அந்த வரிக்குச் சொந்தக்காரன் நான். வேண்டாம் என்று விட்டதும் நான்தான்.

ஒருவருக்கும் இப்போது நான் உப்புக் கதை சொல்வதில்லை. மாட்டும்போது, "அழகுக்குப் போடுங்க. மாத்திரை ஏதும் சாப்பிடுதீங்களா? எந்தக் கிழமை? அதை விட்டுறாதீங்க" என்கிறேன். இன்று கோவில்பட்டி அம்மா ஒருவர், "பச்சை இறங்கினா நல்லதாமே" என்றார். வேர்வைதான் என்றேன். நான் கட்டின கதை என்றும் சொன்னேன். அந்த அம்மா வீட்டுக்காரரிடம் திரும்பி, "பெரிய மருந்து தெரிஞ்சவங்க இப்படித்தாங்க மறைப்பாங்க" என்று சொல்லி இரண்டு வாங்கிக்கொண்டு போனார். நான் என்ன செய்ய?

மைதீன் செவ்வாய் பதினொரு மணிக்கு வருகிறான். மாத்திரை அட்டையை மேஜையில் போடுகிறான். அவன் விரலுக்குப் பிரிக்க வரவில்லை. நான் பிரித்துக் கொடுக்கிறேன். இருவரும் போட்டுக்கொள்கிறோம். விழுங்கியதும் எழுந்து போய்விடுகிறான். கூப்பிட வேண்டியிருந்தால், அண்ணாச்சி என்பதில்லை, "வே" என்கிறான்.

நவம்பர் 5, செவ்வாய்

காலையிலிருந்தே எதிரே மாவு அடிக்கிற சத்தம். சத்தத்தை வைத்தே ஆள் தெரிந்துவிட்டது. வேண்டுமென்றே எட்டிப் பார்க்காமல் சொம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்கு மைதீன் வந்தான். இடது கையில் தட்டு, வலது கையில் மாத்திரை அட்டை. அட்டையை அவனே பிரித்தான். நேரம் எடுத்தது, நான் கை நீட்டவில்லை. சாய்ந்த இரண்டு விரலும் அப்படியேதான் இருக்கின்றன. மீதி மூன்று விரலால் வீசப் பழகியிருக்கிறானாம். இரண்டு மாதமாக வீட்டில் ஈரத்துண்டை வீசிப் பார்த்தானாம்.

மாத்திரையை விழுங்கிவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினான். இரண்டு பரோட்டா. பிய்த்தேன். பழைய இதழ் இதழான பரோட்டா இல்லை. நடுவில் மாவு திரண்டிருந்தது.

"எப்படி இருக்கு?" என்றான்.

அரை உண்மை சொல்லியிருக்கலாம்.

"கெட்டியா இருக்கு" என்றேன்.

என்னையே பார்த்தான். அப்புறம், நான் கடையில் நிற்கிற தோரணையில் ஒரு கையை மேஜைமேல் ஊன்றிக்கொண்டான்.

"நல்ல சரக்கு அண்ணாச்சி" என்றான்.

இரண்டையும் தின்று முடித்தேன்.